ஆத்துமேட்டுக்கு வந்த காற்றுகள்

ஆத்துமேட்டு முகாமில் ஆங்கில வகுப்பு தொடங்கிய மாதத்தில் ஒரு மாலை, கடல் தாண்டி இருக்கும் நெடுந்தீவின் காற்று பால்வாடிக் கட்டிடத்துக்குள் நுழைந்து, சுவரில் தொங்கிய முருகன் காலண்டரை ஆணியோடு பிடுங்கிக் கீழே போட்டது. காலண்டரை எடுத்துத் திரும்ப மாட்டியவர்கள் அதைப் பற்றி அன்று பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை, ஏனென்றால் அது தண்ணீர் லாரி வருகிற நாள், குடங்களை வரிசையில் வைக்கும் அவசரம் எல்லோருக்கும் இருந்தது.

எங்கள் முகாம் ஓர் அணைக்குக் கீழே இருக்கிறது. அணை கட்டியவர்கள் தங்குவதற்காக லைன் லைனாகப் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் வீடுகள், அவர்கள் போன பிறகு பாம்பும் பல்லியும் குடியிருந்து, இலங்கையில் போர் தொடங்கிப் படகுகள் வர ஆரம்பித்ததும் எங்கள் அப்பா அம்மாக்களுக்குக் கொடுக்கப்பட்டன. ஆண்கள் பெயின்ட் அடிக்கப் போவார்கள். கோயம்புத்தூர், ஓசூர், சென்னை என்று எங்கே உயரமான கட்டிடம் எழுந்தாலும் அதன் வெளிச்சுவரில் கயிற்றில் தொங்கிக்கொண்டு எங்கள் லைன் ஆள் ஒருவர் இருப்பார். முகாம் ஆட்களை எண்ணிப் பார்க்கும் செக்கிங் நாளுக்கு மட்டும் எல்லாரும் நகக்கண்ணில் பெயின்டோடு பஸ் பிடித்து வந்து, வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ. சார் முன்னால் நின்று, நான் இருக்கிறேன் என்று முகத்தைக் காட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி பஸ் ஏறுவார்கள். இதெல்லாம் எங்களுக்கு மழை வெயில் மாதிரிப் பழகிப்போனது.

வகுப்பெடுக்க டவுனிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் அனுப்பியவர் தமயந்தி டீச்சர். கல்லூரி முடித்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. எங்களைவிட அவருக்குத்தான் கூச்சம். கண்ணை நிமிர்த்தாமல் புத்தகத்தில் இருந்த கேள்விகளை வரிசையாகக் கேட்பார்: வாட் இஸ் யுவர் நேம், ஹவ் ஓல்ட் ஆர் யூ, வேர் ஆர் யூ ஃப்ரம். முதல் இரண்டுக்கும் நாங்கள் டக்கென்று சொல்லிவிடுவோம். மூன்றாவதற்கு, வீட்டில் சொல்லி வளர்த்த மாதிரியே, ஒருத்தி முல்லைத்தீவு என்பாள், ஒருத்தன் திருகோணமலை என்பான், நான் கடைசி வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்து யாருக்கும் கேட்காத குரலில் பருத்தித்துறை என்பேன். எங்களில் யாரும் அந்த ஊர்களைப் பார்த்ததில்லை. ஆனாலும் பேச ஆரம்பித்த வயதிலிருந்து ஒன்று மட்டும் காதில் ஏறியிருந்தது: எந்த ஊர் என்று யார் கேட்டாலும் முகாம் என்று சொல்லக் கூடாது. வெளியில் சொன்னால் வாடகைக்கு ரூம் தர மாட்டார்கள், வேலைக்கு வைத்தவர்கள் யோசிப்பார்கள் என்பது ஒரு காரணம். வீட்டுக்குள் சொல்லக் கூடாததற்குக் காரணம் வேறு. “முகாம் ஒரு ஊரே? இது நிண்டுபோற இடம்” என்பார்கள் பெரியவர்கள், முப்பது வருடமாக நின்றுகொண்டு.

காலண்டர் விழுந்த அன்று டீச்சர் கேள்வியை வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். கட்டிடத்தின் சாவியை வைத்திருக்கும் இராசநாயகம் ஐயா, பூட்டுகிற நேரமாயிற்று என்பதற்காக வாசலில் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு நின்றார். டீச்சர் நிமிர்ந்து பார்க்காததால் அவரையும் வரிசையில் ஒரு மாணவர் என்று நினைத்து, “வேர் ஆர் யூ ஃப்ரம்?” என்றார். ஐயா அந்தக் காலத்தில் தபால்காரராக இருந்தவர். நெஞ்சை நிமிர்த்தி, “ஐ ஆம் ஃப்ரம் நெடுந்தீவு” என்றார். அவர் வாய் மூடுவதற்குள் காற்று வந்தது. உப்பும் பனையோலையும் வெயிலில் காய்ந்த பாசியும் மணக்கும் காற்று, எங்கள் தலைமுடியைக் கலைத்து, புத்தகங்களின் பக்கங்களைச் சேர்த்துப் புரட்டி, மேசை மேல் வெள்ளையாகப் பவளக்கல் பொடியை ஒரு விரல் கனத்துக்குப் படியவிட்டது. வெளியே ஆட்கள் இல்லாத மைதானத்தில், அந்தத் தீவில் கூட்டமாகத் திரியும் காட்டுக் குதிரைகள் ஓடுகிற சத்தம் கேட்டு மெல்ல மெல்லத் தேய்ந்தது.

“கதவைச் சாத்துங்கோ பிள்ளையள், மணல் உள்ளுக்க வருது” என்றார் ஐயா. பிறகுதான் அவர் குரல் உடைந்தது. “குதிரையள் இன்னும் நிக்குது போல.”

ஒரு வாரத்தில் முகாமுக்கு இது பழகிவிட்டது. ஐந்து மணிக்கு வகுப்பு என்றால் நாலரைக்கே பெண்கள் கொடியிலிருந்து துணிகளை எடுத்து உள்ளே வைத்தார்கள், ஏனென்றால் நாலாம் லைனில் ஓர் அக்கா கிளிநொச்சி என்று சொல்லப்போகிறார், அவர் ஊர் கார்த்திகை மாதத்து மழையோடுதான் வரும். இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாத பெரியவர்கள் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, அடுப்புக்கு முன்னாலும் குழாயடியிலும் பாடம் பண்ணிக்கொண்டு வந்து, பால்வாடிப் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து, தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். வந்த ஊர்களெல்லாம் அவரவர் விட்டு வந்த பருவத்திலேயே வந்தன. ஒருத்தருக்கு தென்மேற்கிலிருந்து வீசும் ஆனி மாதத்துச் சோளகக் காற்று வரும், இன்னொருத்தருக்குப் புகையிலைத் தோட்டத்தில் விடியற்காலை இறைக்கிற தண்ணீரின் குளிர் வரும். எதுவும் ஐந்தாறு நிமிடத்துக்கு மேல் தங்குவதில்லை. போன பிறகு தரையில் கொஞ்சம் ஈரமோ, இரண்டு வேப்பம்பூவோ கிடக்கும். அதைக் கூட்டிப் பெருக்குவதற்கு முறை போட்டிருந்தார்கள்.

தமிழில் கேட்டால் ஒன்றும் வராது. அதையும் சோதித்துப் பார்த்தோம். “எந்த ஊர்?” என்று ஒருவரை ஒருவர் தொண்டை வரளக் கேட்டும் ஓர் இலை அசையவில்லை. இதற்குப் பல பேர் பல காரணம் சொன்னார்கள். எனக்குச் சரி என்று பட்டது இராசநாயகம் ஐயா சொன்னது: “எங்களிட்ட எந்த ஊரெண்டு கேட்ட ஆக்களெல்லாம் பதிலை வச்சு ஏதோ செய்யிறதுக்குத்தான் கேட்டவை. இந்தப் பிள்ளை சும்மா கேக்குது. பதில் வந்தாப் போதும் அதுக்கு.”

பெயின்ட் வேலை செய்யும் சுதன் எதையும் கிண்டல் பண்ணாமல் விடமாட்டான். “ஐயா, உங்கட குதிரையள்ல ஒண்டைப் பிடிச்சு வச்சா நான் ஓசூருக்கு அதிலயே போயிடுவன், பஸ்ஸில நிக்க ஏலாது” என்பான்.

“நீ முதல்ல ஏணியில ஒழுங்கா நில்லடா, குதிரையில பிறகு ஏறலாம்” என்பார் ஐயா.

முகாமுக்குப் பக்கத்துத் தோட்டத்துச் சென்னியப்பக் கவுண்டர் ஒரு நாள் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் வந்து நின்றார். “ஏனுங் டீச்சர், நம்ம மஞ்சக்காடு வாடிக் கெடக்குதுங்க. இங்க ஏதோ அக்கா ஒருத்தரு சொன்னா மழை வருதாமா. அந்த மழையக் கொஞ்சம் நம்ம தோட்டம் வரைக்கும் நீட்ட முடியுங்களா?”

மழை சொல்பவரின் குரல் எட்டும் தூரத்துக்குத்தான் பெய்யும் என்பதை அதற்குள் நாங்கள் கண்டுபிடித்திருந்தோம். அதைச் சொன்னதும் கவுண்டர் மறுநாளே மாரியம்மன் கோயில் ரேடியோ செட்டை வாடகைக்கு எடுத்து வந்து, புளிய மரத்தில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டி, மைக்கை அக்கா கையில் கொடுத்தார். டீச்சர் கேட்டார். அக்கா வெட்கத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சொன்னார். கிளிநொச்சி மழை புளிய மரத்தைத் தாண்டி, வேலியைத் தாண்டி, மஞ்சள் பாத்திகள் மேல் சீராக இறங்கிற்று. கவுண்டர் குடை பிடிக்காமல் வரப்பில் நின்றார். “ஆரோட ஊர்த் தண்ணியோ நம்ம காட்டுல பாயுதுங்களே” என்று மட்டும் சொன்னார். அறுவடை வரைக்கும் அக்கா வீட்டுக்குக் கீரையும் முருங்கையும் அவர் தோட்டத்திலிருந்து போய்க்கொண்டிருந்தன.

செக்கிங்குக்கு வந்த ஆர்.ஐ. முனியசாமி சார் எல்லாவற்றையும் கேள்விப்பட்டிருந்தார். மேலதிகாரிக்கு என்னவென்று சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை, அதனால் சொல்லவில்லை. எல்லாரும் கையெழுத்துப் போட்டுப் போன பிறகு, பேனா மூடியைத் திருகிக்கொண்டே டீச்சரிடம் வந்து, “என்கிட்டயும் ஒரு தடவ கேளுங்கம்மா. சும்மாதான்” என்றார். டீச்சர் கேட்டார். “ஐ ஆம் ஃப்ரம் கமுதி” என்றார் சார். சுள்ளென்று காய்ந்த காற்று, கருவேலங்காய் மணத்தோடும் எங்கோ மூட்டம் போட்ட கரிப்புகையோடும் வந்து அவர் சட்டையை முதுகில் ஒட்ட வைத்தது. கண்ணில் தூசி விழுந்ததாகச் சொல்லிக் கைக்குட்டையை எடுத்தார். “போதும்மா, போதும்” என்று ஜீப்பில் ஏறிவிட்டார்.

ஒரே ஒரு முறை நாங்கள் பயந்தோம். கடைசி லைனில் இருந்த கமலேஸ்வரி அக்கா, போரின் கடைசிக் காலத்தில் வந்தவர், யாரோடும் அதிகம் கதைக்காதவர், ஒரு நாள் வந்து உட்கார்ந்தார். கேள்வி வந்ததும் ஊர்ப் பெயரைச் சொன்னார். காற்று எதுவும் வரவில்லை. இருந்த காற்றும் நின்றது. காகம் கத்தவில்லை, குழாய் சொட்டவில்லை, கைக்குழந்தை ஒன்று வாயைத் திறந்து அழுதது, சத்தம் வெளியே வரவில்லை. அப்படி ஒரு மௌனம் எங்கள் மேல் இறங்கி, அக்கா எழுந்து சேலையை உதறிக்கொண்டு வெளியே போகும்வரை இருந்தது. அவரை யாரும் மறுபடி கேட்கவில்லை. ஆனால் மறுநாள் காலையிலிருந்து அவர் வீட்டு வாசலில் யாராவது ஒருவர் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பது என்று வழக்கமாயிற்று.

இவ்வளவும் பெரியவர்களுக்கு நடந்தது. முகாமில் பிறந்த எங்களுக்கு ஒன்றுமே வரவில்லை.

முல்லைத்தீவு என்று சொன்னவளுக்கும் திருகோணமலை என்று சொன்னவனுக்கும், பருத்தித்துறை என்று சொன்ன எனக்கும், மின்விசிறி சுற்றுகிற அதே காற்றுதான். முதலில் சிரித்தோம். “எங்களுக்கு எமல்ஷன் வாசம்தான் வரும், அதையும் தண்ணி கலந்துதான் அனுப்புவாங்க” என்றான் சுதன். பிறகு சிரிப்பு குறைந்தது. குழாயடியில் ஒரு பெரியம்மா, வேண்டுமென்றே சொல்லவில்லை, வாய் தவறித்தான் சொன்னார்: “பாவம், அதுகளுக்கு ஊரில்லைத்தானே.” அன்றைக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது தண்ணீர் வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது.

இந்த இடத்தில்தான் நிரோஜாவின் விஷயம் வருகிறது.

நிரோஜா என் வகுப்பு, என் லைன், என் வயது. அவளுடைய அப்பா இறந்து வெகுகாலம் ஆகிறது. அம்மா புஷ்பராணி மாமி, மன்னாரில் நானாட்டான் என்ற ஊரிலிருந்து, கல்யாணமாவதற்கு முன்னால், தன் தமையனோடு படகேறி வந்தவர். தமையன் பிறகு திரும்பிப் போய்விட்டார். இப்போது மாமியும் திரும்பிப் போக எழுதிக் கொடுத்து, பேப்பரும் வந்துவிட்டது. நிரோஜாவுக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டதால் அவள் தன் வாயால் சொல்ல வேண்டும், வருகிறேன் என்றோ இல்லை என்றோ, அடுத்த செக்கிங் நாளில், ஆர்.ஐ. சார் முன்னால். சொன்னால் சொன்னதுதான். போனால் திரும்பி வருவது சுலபமில்லை. இருந்துவிட்டால் அம்மாவை இனி எப்போது பார்ப்பாள் என்று யாருக்கும் தெரியாது.

அம்மாவும் மகளும் இதைப் பற்றி மாதக்கணக்கில் சண்டை பிடித்திருந்தார்கள். ஆஸ்பெஸ்டாஸ் வீடுகளில் இரகசியம் கிடையாது. எங்கள் வீட்டுச் சுவரும் அவர்கள் வீட்டுச் சுவரும் ஒன்றுதான்.

“அங்க எனக்கு ஆரைத் தெரியும் அம்மா?”

“உன்ர மாமன் இருக்கிறார். காணி இருக்கு. குளம் இருக்கு.”

“குளத்தோட போய்க் கதைக்கிறதே?”

“வாய்க்கு வாய் பேசாத. சொந்த ஊரடி அது உனக்கு.”

காற்றுகள் வர ஆரம்பித்த பிறகு மாமி ஒரு முடிவுக்கு வந்தார். அவர் முறை வந்து நானாட்டான் என்று சொன்னபோது வந்ததைப் போல அழகான காற்று வேறு யாருக்கும் வந்ததில்லை என்று இப்போதும் சொல்வேன். முற்றிய நெல்வயல் மேலாக, கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரைத் தடவிக்கொண்டு, தாமரை இலையும் சேறும் நீர்க்கோழி இறகும் மணக்க, அவசரமில்லாமல் நடந்து வந்து ஒவ்வொருத்தர் கன்னத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போன காற்று. மாமி கண்ணை மூடிக்கொண்டு பத்தொன்பது வயதுப் பெண்ணைப் போல நின்றார். நாங்கள் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பார்க்கக் கூடாததைப் பார்த்தது போலத் தலையைக் குனிந்துகொண்டோம். கண்ணைத் திறந்ததும் எல்லார் முன்னாலும் மகளிடம் சொன்னார்: “இப்ப நீ சொல்லு. ஊர் வந்தா நீ என்னோட வா. வராட்டி உன்ர விருப்பம். நான் மறிக்க மாட்டன்.”

வரும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

டீச்சர் கேட்டார். நிரோஜா எழுந்து, “ஐ ஆம் ஃப்ரம் நானாட்டான்” என்றாள். மின்விசிறி சுற்றியது.

“வடிவாச் சொல்லடி. வாயைத் திறந்து சொல்லு.”

சொன்னாள். யாரோ இருமினார்கள். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நாய் ஒன்று குரைத்தது.

“உச்சரிப்புப் பிழை போல, டீச்சர் பிள்ளை, ஒருக்காச் சொல்லிக் குடுங்கோ” என்றார் மாமி. டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. உச்சரிப்பில் எந்தப் பிழையும் இல்லை என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் சண்டை நின்றுவிட்டது. பதிலாகப் பாடம் நடந்தது. சோறு போடும்போதும் தலை வாரும்போதும் மாமி மகளுக்கு ஊரைச் சொன்னார்: சந்தியில் இறங்கினால் இடது கைப் பக்கம் எது, கோயில் மணி எந்த நேரம், குளக்கட்டில் எந்த இடத்தில் வழுக்கும், யார் வீட்டு மாமரத்துக் காய் புளிக்காது. மகளின் நாக்குக்கு ஊர் பழக வேண்டும் என்பது அவர் எண்ணம். நிரோஜாவும் பிடிவாதமில்லாமல் கேட்டுக்கொண்டாள். ஒரு கட்டத்தில் கண்ணைக் கட்டி விட்டால்கூட அவளால் நானாட்டானில் தடுக்காமல் நடக்க முடியும் என்று தோன்றியது. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே முடியும். மறுபடி வகுப்பில் நின்றாள், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், அம்மாவின் பழைய சேலையை உடுத்திக்கொண்டு சொன்னாள். ஒரு தூசி அசையவில்லை. கடைசித் தடவை மாமி குட்டி நாற்காலியிலிருந்து எழுந்து போனார். கால் மரத்துப்போயிருக்க வேண்டும், கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் இறங்கினார்.

“உனக்கு வரோணும் எண்டு விருப்பமா, வரக் கூடாதெண்டு விருப்பமா?” என்று அன்றைக்கு நான் நிரோஜாவிடம் கேட்டேன். அவளிடம் மட்டும்தான் எனக்கு அவ்வளவு பேச வரும்.

“வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்” என்றாள். “வந்திருந்தா அம்மா சந்தோசமா இருந்திருப்பா. நானும் அழுதுகொண்டெண்டாலும் போயிருப்பன். இப்ப அங்கயும் இல்ல, இங்கயும் சொல்லக் கூடாது. நான் எங்க நிக்கிறன் எண்டே தெரியேல்ல.”

செக்கிங் நாள் வந்தது. முதல் நாளே பஸ் பஸ்ஸாகப் பெயின்டர்கள் வந்து இறங்கினார்கள். அன்றைக்கு மேசையைப் பால்வாடிக் கட்டிடத்துக்குள்ளேயே போட்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் போகவில்லை. ஜன்னலிலும் வாசலிலும் நின்றார்கள். சென்னியப்பக் கவுண்டர்கூட ஏதோ வேலையாக வந்தவர் போல வந்து ஓரமாக நின்றார். டீச்சருக்கு அன்று வகுப்பில்லை, ஆனாலும் வந்திருந்தார்.

ஆர்.ஐ. சார் பேப்பரை விரித்தார். “புஷ்பராணி. நீங்க போறது முடிவாயிருச்சு. உங்க மக? ஏம்மா, நீ என்ன சொல்ற? சொந்த ஊருக்குப் போறியா?”

நிரோஜா மேசை மேல் விரிந்திருந்த பேப்பரைப் பார்த்தாள்.

“சொந்த ஊர் எதும்மா உனக்கு? அதையாச்சும் சொல்லு.”

மாமி மகளைப் பார்க்கவில்லை. மேசைக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் கேட்டால் சரிவராது என்று சாருக்கே பட்டிருக்க வேண்டும். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “டீச்சர், நீங்களே கேளுங்க” என்றார்.

தமயந்தி டீச்சர் அன்றைக்கு முதல் தடவையாக நிமிர்ந்தார். புத்தகம் கையில் இல்லை. நிரோஜாவின் கண்ணைப் பார்த்து, தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற ஆள் கேட்பது போல, மெதுவாகக் கேட்டார்.

“வேர் ஆர் யூ ஃப்ரம்?”

நிரோஜா அம்மாவைப் பார்த்தாள். வாசலை அடைத்துக்கொண்டு நின்ற எங்களைப் பார்த்தாள். சுதனின் நகங்களில் யாரோ ஒருவருடைய வீட்டுச் சுவரின் நீலம் இருந்தது. அவள் உதடு இரண்டு தடவை திறந்து மூடியதை நான் பார்த்தேன், அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, வேண்டாம் என்று சொல்லவும் தோன்றியது, சொல்லிவிடு என்று கத்தவும் தோன்றியது, வழக்கம்போல் நான் ஒன்றும் செய்யவில்லை.

“ஐ ஆம் ஃப்ரம் ஆத்துமேடு கேம்ப்” என்றாள்.

ஒரு பெரியவர் உச்சுக் கொட்டினார். மாமி தலையில் கை வைத்தார். எதுவும் வரவில்லை. எல்லாம் அப்படியே இருந்தது. கவுண்டர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு புறப்படத் திரும்பினார்.

அப்போது வந்தது.

எங்கிருந்தும் வரவில்லை, அங்கே இருந்ததுதான் வந்தது. இருந்த காற்றின் மேல் அதே காற்று இன்னொரு முறை வந்து படிந்தது. ஆஸ்பெஸ்டாஸ் சூடேறுகிற வாசனை, அதற்குக் கீழே கருக வறுத்த மிளகாயும் கொத்தமல்லியும் கருவேப்பிலையும் சேர்ந்த எங்கள் சரக்குத்தூள் வாசனை, வேலை முடிந்து வந்த அப்பாக்களின் சட்டையில் பெயின்ட் கரைக்கும் தின்னர் வாசனை, சுவருக்குப் பட்டி பார்த்த கைகளின் சுண்ணாம்பு, பொதுக் குழாயடிப் பாசி, வீடுகள் ஒழுகும் மழை நாளில் முகாமின் நூலக அறைக்குள் ஈரப் பாயில் நெருக்கிப் படுத்த பிள்ளைகளின் தலை எண்ணெய், அணையைத் திறந்துவிட்ட அன்று மட்டும் எழும்புகிற குளிர்ந்த கல் வாசனை. பள்ளிக்கூடம் விட்டு லைன் லைனாக ஓடி வருகிற செருப்புச் சத்தம் கேட்டது, அந்தச் செருப்புகளில் ஒன்று என்னுடையது என்று எனக்குத் தெரிந்தது. யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். முகாமில் இறந்தவர்கள் எல்லாரும் இருமிய இருமலும், முகாமில் பிறந்த நாங்கள் எல்லாரும் அழுத முதல் அழுகையும் அதில் இருந்தன. மற்ற ஊர்கள் ஐந்தாறு நிமிடத்தில் போய்விடும். இது போகவில்லை. போவதற்கு அதற்கு வேறு இடம் இல்லை.

ஆர்.ஐ. சார் எழுந்து நின்றார். ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. இராசநாயகம் ஐயா, தன் தீவு வந்த அன்றுகூட அப்படிச் செய்யாதவர், தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். சுதன் சுவரில் உள்ளங்கையை வைத்து, யாராவது அதைத் தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்பது போல அழுத்திக்கொண்டு நின்றான். கமலேஸ்வரி அக்கா எப்போது வந்தார் என்று தெரியவில்லை. வாசல் படியில் உட்கார்ந்து, மூச்சை நன்றாக உள்ளே இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

“நானும் சொல்லட்டா?” என்று முன் வரிசையில் ஒரு சின்னப்பெண் கேட்டாள். யாரும் அவளை அதட்டவில்லை.

சார் மறுபடி உட்கார்ந்து பேனாவை எடுத்தார். ஆனால் எழுதாமல் புஷ்பராணி மாமியைப் பார்த்தார். கேட்க வேண்டியது மகளிடம்தான். இருந்தாலும் அவர் மாமியைத்தான் பார்த்தார்.

மாமி மேசைப் பக்கம் நடந்து வந்தார். மகளின் நெற்றியில் வியர்வையில் ஒட்டியிருந்த முடியை விரலால் ஒதுக்கிவிட்டார்.

“எழுதுங்கோ ஐயா” என்றார். “நான் போறன். இவ இந்த ஊர் ஆள்.”

“அம்மா...” என்றாள் நிரோஜா.

“அழாத. நான் சொன்னனான்தானே, மறிக்க மாட்டனெண்டு.”

சார் எழுதினார். பேனா காகிதத்தில் உரசுகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

அன்றைக்கு முகாம் வீடு திரும்பிய விதத்தை நான் மறக்க மாட்டேன். நூறு அடி தூரத்தில் இருக்கிற வீடுகளுக்கு எல்லாரும் புதிதாக வந்து இறங்கியவர்கள் போல மெல்ல நடந்தார்கள். இத்தனை வருடம் காலில் இடித்த கல்லைக் குனிந்து பார்த்தார்கள். புளிய மரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். தங்கள் வீட்டுக் கதவையே தயங்கித் தள்ளினார்கள். எனக்கு முன்னால் மாமியும் நிரோஜாவும் போய்க்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் நடுவில் ஒரு கை இடைவெளி இருந்தது, லைன் முனையில் திரும்பியபோது அது இல்லை.

“இது ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான் மணக்கிறதே?” என்று மாமி கேட்டார்.

“ஓம் அம்மா. ஒவ்வொரு நாளும்.”

“முப்பது வருசமா எனக்கு மணக்கேல்லையே, பிள்ளை.”

வீட்டு வாசலுக்கு வந்ததும் மாமி உள்ளே போகவில்லை. படிக்குக் கீழே நின்று, எங்கள் வீட்டிலிருந்து தாளிக்கிற வாசனையும் அவர் வீட்டுச் சுவரின் ஈர வாசனையும் சேர்ந்து வருகிற அந்த இடத்தில், முகத்தை உயர்த்தி, கண்ணை மூடிக்கொண்டார். நிரோஜா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“வாங்கோ அம்மா.”

“பொறு” என்றார் மாமி. “இன்னும் கொஞ்சம்.”